தம்பியின் பெயரில் எழுதிய தாள்கள்

எங்கள் கரையில் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடத்தை எந்த நாளில் மூடினார்கள் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. தபசு காலம், சிலுவைப்பாதைக்கு ஆட்கள் கூடக்கூடாது என்று கோவிலில் அறிவித்த கிழமை, அவ்வளவுதான் ஞாபகம். திறந்த நாள் மட்டும் நன்றாகத் தெரியும். அன்று காலை மதுஷிகா வெள்ளைச் சட்டையோடு என் கடை வாசலில் வந்து நின்று, கீழ்க்கரையைத் தூக்கிக் காட்டி, மடிப்பு அவிழ்த்த அடையாளம் தெரிகிறதா என்று கேட்டாள். ஒன்றரை வருடத்தில் அவ்வளவு வளர்ந்துவிட்டாள். மடிப்புக்குள் இருந்த துணி பால் வெள்ளை, மேலே உள்ளதெல்லாம் பழுப்பு. தெரியவில்லை என்று சொன்னேன். நன்றாகத் தெரிந்தது.

அவள் பக்கத்து வீட்டு டொமினிக்கின் மகள். டொமினிக்குக்கும் றஞ்சிதத்துக்கும் இரட்டைப் பிள்ளைகள். முதலில் வந்தவள் மதுஷிகா, ஏழு நிமிடம் கழித்து நிறோஜன். அந்த ஏழு நிமிடத்துக்காக அவன் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டியதாயிற்று. சின்னதில் அவள் அதைச் சொல்லியே அவனிடம் வேலை வாங்குவாள். தண்ணீர் அள்ளி வா, கோழியைப் பிடித்து அடை, அக்கா சொன்னால் கேட்க வேண்டும். அவனும் முனகிக்கொண்டு செய்வான். ஞானஸ்நானத்தில் நிறோஜனைக் கையில் ஏந்திய ஞானத்தாய் நான். மதுஷிகாவை ஏந்தியவள் டொமினிக்கின் தங்கை, அவள் இப்போது கனடாவில் இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்ததைச் சொல்லும்போது ஏன் அப்படிச் செய்தாய் என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை.

நிறோஜனுக்கு ஆறு வயதில் டெங்கு வந்தது. பதினொரு நாள் காய்ச்சல். றஞ்சிதம் மடுக் கோவிலுக்குப் போய் மாதாவின் முன்னால் முழங்காலில் நின்று, பிள்ளை பிழைத்தால் குருமடத்தில் சுவாமியாருக்குப் படிக்க விடுகிறேன் என்று நேர்ந்துவிட்டு வந்தாள். பிள்ளை பிழைத்தான். எங்கள் பக்கத்தில் ஒரு நேர்த்தி வைத்தால் அது வைத்தவருடைய தனிச் சொத்தாக இருக்காது, ஊர் முழுக்கப் பங்கு கேட்கும். பெடியன்கள் பந்தடிக்கும்போது கூட, சின்னச் சுவாமி, பந்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் ஆசீர்வதியுங்கோ என்று கத்துவார்கள். அவனுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. அவனுக்குப் பிடித்தது எஞ்சின். வள்ளத்து எஞ்சினைக் கழற்றிப் பூட்டச் சொன்னால் சாப்பாடு வேண்டாம் என்பான். புத்தகத்தைக் கொடுத்தால் தட்டித்தடவித்தான் வாசிப்பான். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் குருமடத்தில் சேர்க்க வேண்டும், அதற்குள் சரியாகிவிடுவான் என்று றஞ்சிதம் நம்பினாள். மதுஷிகாவுக்கு யாரும் எதையும் நேரவில்லை. அவளுக்குக் காய்ச்சலே வந்ததில்லை.

பள்ளிக்கூடம் மூடியபோது இரண்டு பேரும் எட்டாம் வகுப்பு. வாட்ஸ்அப்பில் பாடம் வரும் என்றார்கள். டொமினிக்கின் வீட்டில் இருந்தது ஒரு போன். அதை அவன் பொலித்தீன் பையில் சுற்றிக் கடலுக்குக் கொண்டுபோய்விடுவான். காலை ஒன்பது மணிக்குப் பாடம் வந்தால் போன் பதினொரு மணிக்குக் கரைக்கு வரும், வரும்போது சார்ஜ் இருக்காது. எங்கள் கரையில் முக்கால்வாசி வீட்டில் இதே கதைதான். அதனால்தான் ஹம்சிகா ரீச்சர் பயிற்சித்தாள்களை அச்சடித்துக் கொண்டுவர ஆரம்பித்தா. நானாட்டானிலிருந்து ஸ்கூட்டரில் வருவா. ஊரடங்கு தளர்த்துகிற நாட்களில் பாலத்தடியில் ஆமிக்காரனுக்குக் கடிதத்தைக் காட்டிவிட்டு வருவா. வீடு வீடாகப் போக விடமாட்டார்கள் என்றபடியால், பிள்ளைகளின் பெயர் எழுதின கட்டுகளை என் கடையில் வைத்துவிட்டு, போன கிழமை கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவா. முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண் மட்டும் தெரியும். அந்தக் கண்ணை வைத்தே எந்தப் பிள்ளை தாள் தரவில்லை என்று கவலைப்படுகிறா என்பது எனக்கு விளங்கிவிடும்.

டொமினிக்கின் வீட்டுக்கு இரண்டு கட்டு வரும்.

டொமினிக்கோடு கடலுக்குப் போகிறவன் வெள்ளாங்குளத்துக்காரன். ஊரடங்கில் அவனால் வர முடியவில்லை. அதனால் நிறோஜன் வள்ளத்தில் ஏறினான். பதின்மூன்று வயது. றஞ்சிதம் முதலில் அழுதாள், பிறகு பழகிவிட்டாள். விடியப் போனால் வெயில் ஏற வருவார்கள். வந்ததும் வலையைக் கரையில் விரித்து நண்டு கழற்ற வேண்டும். அது றஞ்சிதத்தின் வேலையும் மதுஷிகாவின் வேலையும். நண்டு கழற்றினவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். நைலோன் நூல் விரலை அறுக்கும், நண்டின் கால் அந்த அறுத்த இடத்தையே பார்த்துப் பிடிக்கும், பிறகு உப்புத் தண்ணீர். நிறோஜன் சாப்பிட்டுவிட்டுப் பாயில் விழுந்தால் எழும்பமாட்டான். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது, அவனும் ஆம்பிளையின் வேலை செய்துவிட்டு வருகிறவன். ஆனால் சுவாமிக்குப் படிக்கப்போகிறவனின் கட்டு வெறுமையாகப் போகலாமா? பின்னேரம் மதுஷிகா இரண்டு கட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு எழுதுவாள். முதலில் தம்பியுடையது, பிறகு தன்னுடையது.

மூன்றாம் கிழமை றஞ்சிதத்துக்கு ஒரு பயம் வந்தது. இப்படி ஒரு பயம் வேறு எந்தத் தாய்க்கும் வந்திருக்காது. அவள் அதைச் சொன்னபோது நான் வேலிக்கு இந்தப் பக்கம் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பேரும் ஒரே விடை எழுதியிருந்தா ரீச்சர் என்ன நினைப்பா? பாத்து எழுதினது எண்டு தம்பியின்ரயும் வெட்டிப்போடுவா. உன்ரய விடு பிள்ளை. பள்ளிக்கூடம் துறந்தாப் பிறகு நீ எழுதலாம்."

"அப்ப என்ரயில பிழையா எழுதிக் குடுக்கட்டோ?"

அவள் நக்கலுக்குத்தான் கேட்டாள். தாய் ஓம் என்றுவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று நான்கு கிழமை அப்படியே நடந்தது. தம்பியின் தாளில் சரியான விடை, தன் தாளில் பிழையான விடை. சரியாக எழுதுவதைவிடப் பிழையாக எழுதுவதுதான் கஷ்டம் என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். கண்டபடி எழுதினால் ரீச்சருக்குச் சந்தேகம் வந்துவிடுமாம், தெரியாத பிள்ளை எந்த இடத்தில் பிழைவிடும் என்று யோசித்து அந்த இடத்தில் விட வேண்டுமாம். நான் சிரித்தேன். கெட்டிக்காரி என்று சொல்லி ஒரு ரொபி மிட்டாயும் கொடுத்தேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

ஒருநாள் கட்டோடு ரீச்சரின் துண்டுக் கடிதம் ஒன்று வந்தது. மதுஷிகா பின்தங்கிப் போகிறாள், தம்பியிடம் கேட்டுப் படிக்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தா. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். மதுஷிகா வாசித்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தபடி நித்திரை.

றஞ்சிதத்துக்கு அது வெட்கமாகப் போய்விட்டது. மக்குப் பிள்ளையை வைத்திருக்கிறாள் என்று ரீச்சர் நினைப்பதைவிட, கொடுக்காமலே விடுவது நல்லது என்று முடிவெடுத்தாள். அன்றிலிருந்து மதுஷிகாவின் கட்டு திரும்பிப் போகவேயில்லை. எழுதாத தாள் வீட்டில் சேர்ந்தது. சும்மா கிடக்கிறதுதானே அக்கா, கடைக்கு உதவும் என்று றஞ்சிதம் என்னிடமே கொண்டுவந்து தந்தாள். நானும் வாங்கினேன். பருப்பும் நெத்தலியும் சுற்றிக் கொடுத்தேன். ஒருநாள் மதுஷிகா சீனி வாங்க வந்து, சுருளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இந்தக் கணக்கு எனக்குத் தெரியும் என்றாள். பேனை கேட்டாள். என் மேசையில் வைத்து அந்தச் சுருளிலேயே செய்து பார்த்துவிட்டு, விடையைச் சுற்றி ஒரு சின்னப் பெட்டி கீறினாள். அவள் எப்போதும் விடையைப் பெட்டிக்குள் போடுவாள். தம்பியின் தாளிலும் அப்படித்தான். நான் தாள்களை எண்ணிக் கட்டுகிறபோது அந்தப் பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கிழமையும் பார்த்தேன்.

இடையில் இரண்டு மூன்று மாதம் திறந்தார்கள், திரும்பவும் மூடினார்கள். திறந்த நாட்களில் நண்டு நன்றாகப் பட்டது. நிறோஜனை அனுப்பினார்கள், மதுஷிகாவை அனுப்பவில்லை. அவனும் பாதி நாள் போகவில்லை. இப்படியே ஒன்றரை வருடம். அந்தக் கார்த்திகையில்தான் எல்லா வகுப்பையும் திறந்தார்கள், அன்றைக்குத்தான் அவள் மடிப்பு அவிழ்த்த சட்டையோடு வந்து நின்றது.

பத்து மணிக்கே திரும்பி வந்துவிட்டாள். வகுப்பு இடாப்பில் அவளுடைய பெயர் இல்லை. முதல் ஒன்றிரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு தாளும் தரவில்லை, திறந்த நாட்களிலும் வரவில்லை, இடைவிலகியவர் என்று பெயரை வெட்டியிருந்தார்கள். றஞ்சிதம் போய்க் கதைத்தாள். பள்ளிக்கூட அதிபர் நல்ல மனிதர்தான், கோபப்படவில்லை. திரும்பச் சேர்ப்பதென்றால் எட்டாம் வகுப்பில்தான் இருத்தலாம், கையில் ஒன்றரை வருடப் புள்ளி இல்லாத பிள்ளையை எப்படி ஒன்பதில் விடுவது என்று கேட்டார். இந்தப் பிள்ளை மெல்லக் கற்பவள் என்று ரீச்சரின் குறிப்பும் இருக்கிறது என்றார். எந்தக் குறிப்பு என்று உங்களுக்குத் தெரியும்.

அதே கிழமை காலைக் கூட்டத்தில், வீட்டிலிருந்து படித்தவர்களில் முதலாவது என்று நிறோஜனுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். மதுஷிகா எட்டாம் வகுப்பு வரிசையில், தன்னுடைய தோள் உயரத்துக்கு வராத பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று கை தட்டினாளாம். நிறோஜன் சான்றிதழைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். றஞ்சிதம் அதைப் பிரித்து, நீவி, அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டினாள்.

மதுஷிகா ஒரு கிழமை எட்டாம் வகுப்புக்குப் போனாள். கேட்டால் பரவாயில்லை பெரியம்மா என்பாள். ஆனால் அவளுடைய கண் முழுக்க ஒன்பதாம் வகுப்பில்தான். தன்னோடு படித்த பிள்ளைகள் அடுத்த வருடம் பத்துக்குப் போவார்கள், பாடம் தெரிவு செய்வார்கள், பிறகு பதினோராம் வகுப்பில் சாதாரண தரச் சோதனை எழுதுவார்கள். அவர்களோடு எழுத வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. ஒரு வருடம் பிந்தினால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் கரையில் ஒரு வருடம் பிந்தின பொம்பிளைப் பிள்ளையை இன்னொரு வருடம் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்க மாட்டார்கள். நண்டுச் சதை எடுக்கிற இடத்தில் ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் ஹம்சிகா ரீச்சர் எல்லா வகுப்புக்கும் ஒரு சின்னச் சோதனை வைத்தா. பிள்ளைகள் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று பார்ப்பதற்கு. நிறோஜனின் தாளில் அவனுடைய பெயரும் இரண்டு வரியும் இருந்தன. மதுஷிகா எட்டாம் வகுப்புத் தாளை முடித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்புத் தாளையும் கேட்டு வாங்கி எழுதினாள். விடைகளெல்லாம் பெட்டிக்குள் இருந்தன.

அடுத்த நாள் ரீச்சர் கடைக்கு வந்து சோடா ஒன்று கேட்டா. உடைத்துக் கொடுத்தேன், குடிக்கவில்லை. பையிலிருந்து நிறோஜனின் ஒன்றரை வருடக் கட்டை எடுத்து மேசையில் வைத்தா. இப்போது முகக்கவசம் இல்லை. முகம் நான் நினைத்ததைவிடச் சின்ன முகம், மகள் வயதுதான் இருக்கும்.

"அம்மா, இந்தப் பேப்பர் எல்லாம் உங்கட கையாலதானே வந்தது. எழுதினது ஆர்?"

நான் கடைச் சாமான்களைப் பார்த்தேன். பிள்ளைகளைக் கேளுங்கோ என்றேன். பிள்ளைகளைக் கேட்டால் தாய்க்குப் பயந்து சொல்ல மாட்டார்கள் என்றா. அதிபரோடு தான் கதைத்துவிட்டதாகவும், எழுதினது மதுஷிகா என்று தெரிந்தால் அந்தப் புள்ளிகளை அவளுடைய பெயருக்கு மாற்றி ஒன்பதிலேயே விட அவர் சம்மதம் என்றும் சொன்னா. ஆனால் அவர் நிறோஜனுக்குக் குருமடத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டார். பங்குக் கோவிலோடு சோலி வரும் என்று யோசிக்கிறார். வீட்டாள் இல்லாத ஒருவர் வந்து சொன்னால்தான் மாற்றுவார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னா.

"நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னாக் காணும், அம்மா."

வியாழக்கிழமை பின்னேரம் றஞ்சிதம் வந்தாள். ஒரு சட்டியில் நண்டுக் குழம்பு. அவள் குழம்பு கொண்டுவருவது புதினமில்லை, ஆனால் அன்றைக்குச் சட்டியை நீட்டவில்லை, கையில் வைத்துக்கொண்டே நின்றாள். மகளுக்கு அநியாயம் செய்கிறோம் என்று அவளுக்கும் தெரியும். தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தப் பதினொரு நாளும் இருந்தவள் அவள். கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கொடுக்காவிட்டால் மாதா திருப்பி எடுத்துவிடுவா என்ற பயம் அவளுக்கு எலும்புக்குள் இருந்தது. அவன் கடலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அந்தப் பயம்.

"அவன் உங்கட ஞானப் பிள்ளை அக்கா" என்று மட்டும் சொன்னாள். சட்டியை வைத்துவிட்டுப் போனாள்.

அதிபரின் அறையில் நாங்கள் ஐந்து பேர். அதிபர், ரீச்சர், றஞ்சிதம், மதுஷிகா, நான். நிறோஜனை றஞ்சிதம் தகப்பனோடு கடலுக்கு அனுப்பியிருந்தாள். எனக்குக் கதிரை போட்டார்கள். மதுஷிகா நின்றாள். விரல்களில் துணி சுற்றியிருந்தது, விடியக்காலை நண்டு கழற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

அதிபர் கட்டை விரித்து, இதெல்லாம் யார் எழுதினது என்று மதுஷிகாவைக் கேட்டார். அவள் தாயைப் பார்க்கவில்லை, ரீச்சரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அதிபரும் என் பக்கம் திரும்பி, நீங்கள் சொல்லுங்கோ அம்மா என்றார்.

எனக்கு அந்த நேரம் என்னவெல்லாம் வந்தது தெரியுமா? ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நான் கொடுத்த வாக்கு வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நாளைக்கும் றஞ்சிதத்தின் முகத்தில் விழிக்க வேண்டும் என்பதும் வந்தது. கடையைப் பற்றியும் யோசனை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். சின்னச் சுவாமியைக் குருமடத்துக்குப் போகவிடாமல் செய்தவள் என்று ஊர் சொன்னால் யார் என் கடைக்கு வருவார்கள்? அந்தப் பிள்ளையின் கண் மட்டும்தான் எனக்கு முன்னால் இருந்தது. அதைத் தவிர எல்லாவற்றையும் யோசித்தேன்.

"நான் கட்டை வாங்கிக் குடுத்தனான் சேர். உள்ளுக்கு ஆர் எழுதினது எண்டு நான் பாக்கேல்லை."

மதுஷிகா என் முகத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"தம்பிதான் எழுதினவன்" என்றாள்.

ஒரு கணக்கை இப்போதே எழுதிக் காட்டச் சொல்லலாம் என்று ரீச்சர் கேட்டா. அதிபர் கட்டை மூடிவிட்டார். பிள்ளையே சொல்லிவிட்டாள், இனி எதற்கு என்றார். அவருக்கு அது நிம்மதி. றஞ்சிதம் அழுதாள். எதற்கு அழுதாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ரீச்சர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னாலேயே போனா.

திங்கட்கிழமை மதுஷிகா பள்ளிக்கூடம் போகவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. பிறகு நண்டுச் சதை எடுக்கிற இடத்தில் சேர்ந்தாள், விடியத் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு போவாள்.

பாஸ்குத் திருநாள் முடிந்து இரண்டாம் கிழமை எங்கள் கோவில் றெனால்ட் சுவாமி நிறோஜனைக் குருமடத்துக்கு நேர்முகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். புதுச் சேட்டு, நான் வாங்கிக் கொடுத்தது. அங்கே இருந்த வயதான சுவாமி அன்பாகத்தான் கதைத்தாராம். சுவிசேஷத்தைத் திறந்து கொடுத்து, பிடித்த இடத்தில் நாலு வரி வாசி மகன் என்றாராம். நிறோஜன் முதல் சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டினான். இரண்டாவது சொல்லில் நின்றுவிட்டான். முந்தி தட்டித்தடவியாவது வாசிக்கிற பிள்ளை, ஒன்றரை வருடக் கடலில் அதுவும் கரைந்து போய்விட்டது. சுவாமி பொறுத்துப் பார்த்தார். பிறகு நிறோஜன் புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டு, தனக்கு வாசிக்க வராது என்றும் எல்லாம் அக்காதான் எழுதினவ என்றும் தானாகவே சொன்னானாம். ஒருவரும் அதட்டவில்லை. அவனுக்கு அதைச் சொல்ல ஒரு இடம் தேவைப்பட்டிருக்கிறது.

வந்து இரண்டு நாள் படுத்துக் கிடந்தான். அக்காவோடு கதைக்கப் போனான், அவள் வேலைக்குப் போகிற அவசரம் என்றுவிட்டாள். மூன்றாம் நாள் அலுமாரியில் இருந்த சான்றிதழைக் கிழித்தான், பிறகு தகப்பனோடு கடலுக்குப் போனான். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. ஒன்றுக்கு இரண்டு பிள்ளை போயிற்று.

இனித்தான் நீங்கள் சிரிக்கப்போகிறீர்கள். றஞ்சிதத்துக்கு நேர்த்தி பாக்கி இருந்தது அல்லவா? மாதாவுக்கு ஒரு பிள்ளையைக் கொடுக்கிறேன் என்றுதான் சொன்னேன், பெடியன்தான் என்று கட்டாயமில்லை என்று யோசித்துக் கன்னியாஸ்திரிமாரிடம் போனாள், மகளைச் சேர்ப்பதற்கு. அவர்கள் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, பிள்ளை சாதாரண தரம் சித்தியடைந்துவிட்டாளா என்று கேட்டார்கள். அது இல்லாமல் எடுக்க முடியாதாம். அன்று பின்னேரம் றஞ்சிதம் என் கடைக்கு வந்து, பள்ளிக்கூடத்துக்குப் போய் உண்மையைச் சொல்லலாம் வாங்கோ அக்கா என்று கேட்டாள். ஐந்து மாதத்துக்கு முன்னால் எந்த உண்மையை மூடச் சொல்லிக் குழம்பு கொண்டுவந்தாளோ, அதே உண்மை. நான் ஏசவில்லை. ஏசுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

ஆனால் எனக்கும் பயம் விடவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துப்போட்டு ஒருநாள் போனோம். கேற்றில் பூட்டு. இந்த முறை காய்ச்சல் இல்லை, பெற்றோல் இல்லையாம். தூரத்து ரீச்சர்மார் வர முடியாது என்று மூடிவிட்டார்கள். காவலாளி மட்டும் ஆட்டுக்குக் குழை வெட்டிக்கொண்டு நின்றார். திறக்க ஆவணி ஆயிற்று. அதற்குள் ஹம்சிகா ரீச்சர் வீட்டுக்குக் கிட்டின பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டா.

அதிபரிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியைப் பற்றிச் சொன்னேன், பிழையாக எழுதின கதையைச் சொன்னேன், சுருளில் செய்த கணக்கையும் சொன்னேன். அண்டைக்கு இந்தக் கதிரையில இருந்த ஆளும் நீங்கள்தானே அம்மா என்றார். பிறகு, இந்த வருடம் பத்தாம் வகுப்பு தொடங்கி நாலு மாதமாகிவிட்டது, ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கலாம் என்றார். ஆனால் பிள்ளை தானாக வந்து எனக்கு விருப்பம் என்று சொல்ல வேண்டும், இந்த முறை தாயும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம் என்றார்.

அந்த ஞாயிறு அவளுக்கு வேலை இல்லை. பூசை முடிந்து கரைக்குப் போனேன். மதுஷிகா வலைக்குள் குந்தியிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள். இப்போது அவளுடைய கை தாயின் கையைவிட வேகம். பார்க்காமலே கழற்றுகிறாள். நான் பக்கத்தில் நின்று அதிபர் சொன்னதைச் சொன்னேன். ஒன்பதில் இருந்தாலும் பரவாயில்லை, மூன்று வருடம் கண்ணை மூடித் திறக்கப் போய்விடும், புத்தகம் கொப்பி எல்லாம் நான் வாங்கித் தருகிறேன், சட்டை தைத்துத் தருகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். என் வாய்க்குப் பூட்டு இல்லை என்பது உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். பூட்டியிருக்கக் கூடாத ஒரு நாளில் மட்டும் பூட்டிக்கொண்டது.

அவள் ஒரு நண்டைக் கழற்றிக் கூடைக்குள் போட்டாள்.

"முந்தித் தம்பிக்கு எழுதினன். இப்ப அம்மாவின்ர நேர்த்திக்கோ?"

உனக்காகத்தான் பிள்ளை என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. அடுத்த நண்டின் கால் நூலில் சிக்கியிருந்தது. அதை முறிக்காமல் மெல்ல எடுத்தாள், முறிந்தால் விலை இல்லை.

"அண்டைக்கு நீங்கள் ஓம் எண்டு சொல்லியிருந்தா நானும் ஓம் எண்டிருப்பன், பெரியம்மா. அம்மா அடிச்சிருந்தாலும் சொல்லியிருப்பன்."

தெரியும் பிள்ளை என்று சொன்னேனோ, சொல்ல நினைத்தேனோ, ஞாபகமில்லை. இன்றைக்கே போவோம், அதிபர் வீடு எனக்குத் தெரியும் என்று திரும்பவும் தொடங்கினேன். அவள் வலையின் ஓரத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அது வரவில்லை. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

"கொஞ்சம் அங்கால நில்லுங்கோ" என்றாள். "வலையில மிதிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள்."